கேமரா வாங்கினால் மட்டும் போதுமா?

புகைப்படக் கலையைத் தொழிலாக்க விரும்பும் இளைஞர்களுக்குச் சில பாடங்கள்

எஸ்.பி.எம். தேர்வை முடித்த பிள்ளைகளிடம் அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டால், "புகைப்படக் கலைஞராகப் போகிறேன்" என்று சொல்பவர்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். முன்பெல்லாம் இந்தப் பதிலைக் கேட்டதும் பெற்றோர் முகம் வாடிவிடும். இன்று நிலைமை வேறு. நம்மவர் வீட்டுத் திருமணம் என்றால் மணமகன் வீட்டார் ஒருவரையும் மணமகள் வீட்டார் ஒருவரையும் படம் எடுக்க ஏற்பாடு செய்கிறார்கள். பிறந்தநாள், மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, அறுபதாம் கல்யாணம் என எல்லாவற்றுக்கும் படம் வேண்டும். உணவகம் நடத்துபவருக்கும் இணையத்தில் சேலை விற்பவருக்கும் கூட நல்ல படம் தேவைப்படுகிறது. வேலை இருக்கிறது என்பதில் ஐயமில்லை.

ஆனால், ஆசையோடு தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகளில் கேமராவைப் பாதி விலைக்கு விற்றுவிட்டு வேறு வேலைக்குப் போனவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களில் பலர் நன்றாகவே படம் எடுப்பவர்கள். அவர்களைக் கவிழ்த்தது கலை அல்ல, கணக்கும் ஒழுங்கும் பொறுப்பும்தான். இந்தத் தொழிலில் இறங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றைத் திருமணப் படப்பிடிப்பை எடுத்துக்காட்டாக வைத்துப் பார்க்கலாம். நம் இளைஞர்களில் பெரும்பாலோர் நுழைகின்ற வாசல் அதுதான்.

மறுபடியும் எடுக்க முடியாத படம்

பொழுதுபோக்காகப் படம் எடுப்பவருக்கும் தொழிலாகச் செய்பவருக்கும் என்ன வேறுபாடு? பொழுதுபோக்காக எடுப்பவர் ஆயிரம் படம் எடுத்து, அதில் நன்றாக வந்த பத்தை மட்டும் முகநூலில் போடலாம். மற்றவற்றைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை. தொழில்முறைக் கலைஞரிடம் வாடிக்கையாளர் கேட்பது அந்தப் பத்துப் படங்களை அல்ல. மழை பெய்தாலும், மண்டபத்தில் விளக்கு அணைந்தாலும், தனக்கே காய்ச்சல் அடித்தாலும் அன்றைய நிகழ்வு முழுவதும் ஒழுங்காகப் பதிவாக வேண்டும் என்றுதான் அவர்கள் பணம் கொடுக்கிறார்கள். வாடிக்கையாளர் வாங்குவது ஓர் உத்தரவாதம்.

தாலி கட்டும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். கெட்டி மேளம் முழங்கத் தொடங்கி மூன்று முடிச்சு விழுந்து முடிய ஒரு நிமிடம் கூட ஆகாது. அந்த நேரத்தில்தான் மண்டபத்தில் உள்ள எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அட்சதை பறக்கும். சித்தப்பா ஒருவர் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சரியாகக் கேமராவின் முன்னால் வந்து நிற்பார். இத்தனைக்கும் நடுவில் படம் கிடைத்தாக வேண்டும். "மாப்பிள்ளை, இன்னொரு தடவை கட்டுங்கள்" என்று சொல்ல முடியாது.

இதற்காகத்தான் அனுபவசாலிகள் காலையிலேயே ஐயரிடம் போய், எந்தப் பக்கம் பார்த்து உட்காருவார்கள், எத்தனை மணிக்கு முகூர்த்தம், மூன்றாவது முடிச்சை நாத்தனார் போடுவாரா என்றெல்லாம் கேட்டு வைத்துக்கொள்கிறார்கள். மாங்கல்யத் தட்டு சபையைச் சுற்றி ஆசி வாங்கித் திரும்பும்போதே தங்கள் இடத்தைப் பிடித்துவிடுகிறார்கள். விரலின் வேகத்தைவிட முன்கூட்டித் தெரிந்து வைத்திருப்பதே அங்கே கைகொடுக்கிறது.

இந்த இடத்தில் ஹென்றி கார்த்தியே பிரெசோன் என்ற பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞரை நினைவுகூரலாம். சரியான கணத்தில் படம் எடுப்பது என்றாலே உலகம் அவர் பெயரைத்தான் சொல்லும். 1948 ஜனவரி 30ஆம் நாள் அவர் டில்லியில் காந்தியடிகளைச் சந்தித்தார். அதன்பின் சிறிது நேரத்தில் காந்தியடிகள் சுடப்பட்டார். அந்த இறுதி ஊர்வலப் படங்கள் உலகெங்கும் சென்றன. 1950 ஏப்ரல் மாதம் ரமண மகரிஷி திருவண்ணாமலையில் உடல்நலம் குன்றியிருந்தபோதும் அவர் அங்கே இருந்தார். ஏப்ரல் 14ஆம் நாள் மகரிஷி மறைந்தார். அதிர்ஷ்டம் என்று இதைச் சொல்லிவிடலாம். ஆனால் அதிர்ஷ்டம் வந்தபோது அவர் அந்த இடத்தில் தயாராக இருந்தார் என்பதுதான் பாடம். அவர் பெரும்பாலும் பயன்படுத்தியது கையடக்கமான லைக்கா கேமராவும் 50 மி.மீ. லென்சும்தான் என்பதையும் கவனிக்க வேண்டும்.

முதல் செலவு எது?

கேமராக் கடையில் நுழைந்தால் எல்லாமே தேவை என்றுதான் தோன்றும். தொடங்குபவருக்கு உண்மையில் வேண்டியவை சில பொருள்களே. நல்ல நிலையில் உள்ள, இரண்டு மெமரி கார்டு போடும் வசதியுள்ள ஒரு கேமரா. அது பழையதாக இருந்தாலும் தவறில்லை. வெளிச்சம் குறைந்த இடத்திலும் எடுக்கக்கூடிய 35 மி.மீ. அல்லது 50 மி.மீ. லென்ஸ் ஒன்று. ஒரு பிளாஷ். கூடுதல் பேட்டரிகள். விலை உயர்ந்த பெரிய லென்சுகளை வேலை வரும்போது நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் அதற்கென்றே கடைகள் இருக்கின்றன. எந்தப் பொருளை ஆறு மாதத்தில் பத்து முறை வாடகைக்கு எடுத்தோமோ, அதை வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

அடுத்து, உடனே தனியாக வேலை எடுக்கக் கூடாது. ஓராண்டாவது அனுபவமுள்ள ஒருவரிடம் உதவியாளராகப் போக வேண்டும். பை தூக்குவதும் பிளாஷ் பிடிப்பதும் கௌரவக் குறைவு என்று நினைப்பவர்கள் இழப்பது அதிகம். பெரியவர்களை வரிசையாக நிற்க வைப்பது எப்படி, கோபத்தில் இருக்கும் மணமகளின் தந்தையிடம் எப்படிப் பேசுவது, எந்த நேரத்தில் கேமராவைக் கீழே இறக்க வேண்டும் என்பதெல்லாம் கல்லூரிப் பாடத்தில் வராது. பட்டயப் படிப்பு முடித்தவருக்கும் இது பொருந்தும்.

பழகிக்கொள்ள நம் நாட்டில் இடத்துக்குப் பஞ்சமில்லை. தைப்பூசத்தையொட்டி இரவில் கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலில் இருந்து இரதம் புறப்படுவது முதல், பத்துமலையின் 272 படிகளில் காவடிகள் ஏறுவது வரை, இரவு வெளிச்சம், அசைவு, கூட்டம் என்ற மூன்று சோதனைகளும் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆனால் அருள் வந்து நிற்பவரின் முகத்துக்கு நேராகப் பிளாஷ் அடிப்பது, அலகு குத்தும்போது பக்கத்தில் போய் நெருக்குவது போன்றவை வேண்டாம். அவர் நேர்த்திக்கடன் செலுத்த வந்தவர், நம் பயிற்சிக்காக வந்தவர் இல்லை.

வெள்ளை வேட்டியும் கரிய முகமும்

நம்மவர் திருமணங்களை எடுப்பதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கேமராவுக்குள் இருக்கும் ஒளி அளக்கும் கருவி, தன் முன்னால் இருக்கும் காட்சி நடுத்தரமான சாம்பல் நிறத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு கணக்குப் போடும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சரிகைப் பட்டு, தங்க நகைகள் எல்லாம் சட்டத்தை நிறைத்தால், வெளிச்சம் அதிகம் என்று கேமரா தவறாக முடிவு செய்து படத்தை இருட்டாக்கிவிடும். வேட்டி சாம்பலாகும். முகங்கள் கறுத்துவிடும். இருண்ட மண்டபத்தில் மேடை மட்டும் ஒளிரும்போது இதற்கு நேர்மாறாக நடக்கும். முகங்கள் வெளுத்துப் போகும்.

இதைத் தானியங்கி முறையிடம் விட்டுவிடாமல், முகத்தில் விழும் ஒளியை மட்டும் அளந்து எடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். வெள்ளை உடை நிறைந்த காட்சியில் கேமரா சொல்வதைவிடச் சற்றே கூடுதல் ஒளி கொடுக்க வேண்டும். வேட்டியின் மடிப்புகள் முற்றாக மறையாத அளவுக்கு அதைக் கட்டுப்படுத்தவும் வேண்டும். சுருக்கப்படாத 'ரா' கோப்பாக எடுத்தால் பிறகு திருத்த இடம் இருக்கும்.

கோயிலுக்குள் இன்னொரு தொல்லை. வாசலில் இருந்து பகல் வெளிச்சம் நீலமாக வரும். குத்துவிளக்கும் ஓமத் தீயும் மஞ்சளாக இருக்கும். மேலே குழல் விளக்கு பச்சை கலந்திருக்கும். பிளாஷை மேற்கூரையில் அடித்துத் திருப்பலாம் என்றால் கூரையில் பல வண்ணத்தில் சிற்பங்களும் ஓவியங்களும் இருக்கும். அந்த வண்ணமெல்லாம் மணமக்கள் முகத்தில் வந்து விழும். அதனால் முகூர்த்தத்துக்கு முன்பே வந்து, எந்த வெளிச்சம் முகத்தில் அதிகம் விழுகிறது என்று பார்த்து, அதற்கேற்பக் கேமராவைத் தயார் செய்ய வேண்டும். வரவேற்பு மேடைகளில் இப்போதுள்ள எல்.இ.டி. விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் துடிப்பவை. ஓசையில்லாத மின்னணு ஷட்டரில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழலாம். இதையும் முன்கூட்டியே சோதித்துப் பார்ப்பது நல்லது.

நிறத்தைப் பற்றி ஒரு வரலாறும் உண்டு. பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு நிறம் சரிபார்க்கும் அட்டைகளை அனுப்பியது. 'ஷெர்லி அட்டை' என்று அழைக்கப்பட்ட அவற்றில் நெடுங்காலம் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பதே அளவுகோல். கறுத்த மேனியின் நுணுக்கங்கள் அந்த அளவுகோலில் அடிபட்டுப் போயின. இன்று பிலிம் இல்லை. ஆனால் ஒரு பொத்தானைத் தட்டினால் முகத்தை வெளுக்க வைக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. மணமகளை அவள் நிறத்திலேயே அழகாகக் காட்டுவதுதான் கலைஞரின் திறமை. பத்து ஆண்டு கழித்து ஆல்பத்தைத் திறக்கும் மகள், "இது யாரும்மா?" என்று கேட்கும்படி ஆகிவிடக் கூடாது.

மூன்று பிரதிகள்

எடுத்த படம் காணாமல் போனால் என்ன செய்வது? மெமரி கார்டு பழுதாகலாம். மடிக்கணினி திருடு போகலாம். வீட்டில் வெள்ளம் புகலாம். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், ஆனால் திருமணத்தைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?

பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டிஜிட்டல் படங்களைப் பேணிக் காப்பது பற்றி எழுதியபோது பரப்பிய ஒரு விதி இன்று கணினித் துறையிலும் வழக்கமாகிவிட்டது. 3-2-1 என்று அதைச் சொல்வார்கள். ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று பிரதிகள் இருக்க வேண்டும். அவை இரண்டு வகைச் சேமிப்புக் கருவிகளில் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்று வேறோர் இடத்தில் இருக்க வேண்டும்.

நடைமுறையில் இதைச் செய்வது எளிது. கேமராவில் இரண்டு கார்டுகளிலும் ஒரே நேரத்தில் படம் பதிவாகட்டும். அன்றிரவே எவ்வளவு களைப்பாக இருந்தாலும் ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிட வேண்டும். இன்னொரு பிரதியை இணையச் சேமிப்பிலோ அண்ணன் வீட்டிலோ வைக்க வேண்டும். வாடிக்கையாளர் கையில் ஆல்பமும் கோப்புகளும் போய்ச் சேரும் வரை கார்டுகளை அழிக்கக் கூடாது. இந்த வேலைக்கு யாரும் பாராட்டுச் சொல்லப் போவதில்லை. ஆனால் தொழில் நிற்பதும் விழுவதும் இதில்தான்.

800 வெள்ளிக்கு ஒரு கல்யாணம்

இனி, பலரும் கூச்சப்பட்டுத் தவிர்க்கும் பகுதிக்கு வருவோம். புதிதாகத் தொடங்கும் ஓர் இளைஞர், வேலை கிடைத்தால் போதும் என்று 800 வெள்ளிக்குத் திருமணம் ஒன்றை ஒப்புக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் மாலை நலங்கு, மறுநாள் காலை கோயிலில் திருமணம், இரவு மண்டபத்தில் விருந்து. கணக்கைப் பார்ப்போம்.

உதவியாளருக்கு 200 வெள்ளி. ஆல்பம் அச்சிட 300 வெள்ளி. பெட்ரோல், டோல், சாப்பாடு 80 வெள்ளி. கருவிகளின் தேய்மானம் என்று ஒன்று உண்டு. 12,000 வெள்ளிக்கு வாங்கிய கருவிகள் நான்கு ஆண்டு உழைக்கும், ஆண்டுக்கு 40 வேலை கிடைக்கும் என்று கொண்டால், ஒரு வேலைக்கு 75 வெள்ளி. ஆகச் செலவு 655 வெள்ளி. கையில் மிஞ்சுவது 145 வெள்ளி.

நேரம் எவ்வளவு? மூன்று நிகழ்வுகளிலும் சேர்த்து 16 மணி நேரம். இரண்டாயிரம் படங்களில் இருந்து நானூறைத் தேர்ந்தெடுத்து, நிறம் சரிசெய்து, ஆல்பம் வடிவமைக்க 25 மணி நேரம். வாடிக்கையாளரைச் சந்திக்கவும் போய் வரவும் 4 மணி நேரம். மொத்தம் 45 மணி. 145 வெள்ளியை 45ஆல் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 3 வெள்ளி 20 காசு.

நம் நாட்டில் 2025ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8 வெள்ளி 72 காசு. பெட்ரோல் நிலையத்தில் நிற்பவருக்குச் சட்டம் கொடுக்கும் பாதுகாப்பில் பாதி கூட இந்த இளைஞருக்கு இல்லை. தன் உழைப்புக்கு மணிக்கு 15 வெள்ளி என்று எளிமையாக வைத்தால் கூட அவர் 1,330 வெள்ளி கேட்டிருக்க வேண்டும். அதிலும் மருத்துவச் செலவோ சேமிப்போ சேரவில்லை.

ஒவ்வொருவரின் செலவும் வேறு, எண்களும் மாறும். ஆனால் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்காமல் விலை சொல்லக் கூடாது என்பது எல்லோருக்கும் பொது. விலையைக் குறைத்துக் குறைத்து வேலை பிடிப்பவர் தன்னை மட்டும் கெடுத்துக்கொள்வதில்லை. அதே ஊரில் குடும்பம் நடத்தும் மற்ற கலைஞர்களின் அடுப்பிலும் தண்ணீர் ஊற்றுகிறார்.

"தம்பி, நம்ம பிள்ளைதானே, கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று அத்தை கேட்டால் என்ன செய்வது? உறவை முறித்துக்கொள்ள வேண்டியதில்லை. விலைச் சீட்டில் முழுக் கட்டணத்தையும் எழுதி, அதற்குக் கீழே கழிவைத் தனியாகக் காட்டலாம். அது நம் மொய் என்று அவர்களுக்கும் புரியும். அடுத்து அத்தை சொல்லி வருபவர் அதே குறைந்த விலையைக் கேட்கவும் மாட்டார்.

படம் யாருக்குச் சொந்தம்?

வாய்ப்பேச்சில் ஒப்புக்கொண்டு வேலை செய்வது நம்மவரிடம் இன்னும் இருக்கும் பழக்கம். பின்னால் வரும் பிணக்குகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன. ஒரு பக்கத்தில் அடங்கும் ஒப்பந்தம் போதும். எந்த நாள், எத்தனை மணி நேரம், எத்தனை படங்கள், ஆல்பம் எத்தனை பக்கம், எப்போது கொடுக்கப்படும், முன்பணம் எவ்வளவு, மீதி எப்போது, நிகழ்வு தள்ளிப்போனால் என்ன, கலைஞர் நோயுற்றால் மாற்று ஆள் யார் என்பவை அதில் இருக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம். இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும்.

தள்ளிப்போனால் என்ன என்ற வரியின் மதிப்பு 2020ஆம் ஆண்டில் தெரிந்தது. அவ்வாண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவிலும் ஏப்ரல் 7ஆம் நாள் சிங்கப்பூரிலும் நடமாட்டக் கட்டுப்பாடுகள் தொடங்கியபோது திருமணங்கள் நின்றுபோயின. முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா, அடுத்த நாளுக்கு வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வைத்திருந்தவர்களுக்கு மனக்கசப்பு குறைந்தது.

ஒப்பந்தத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டிய இன்னொன்று பதிப்புரிமை. இதில் நம் இரு நாடுகளின் சட்டமும் வேறுபடுகிறது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதால் உருவாக்கப்பட்ட படைப்பின் உரிமை, வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால், கேட்டுக்கொண்டவருக்கே மாறிவிட்டதாகக் கருதப்படும். அதாவது, எதுவும் எழுதாமல் எடுத்த திருமணப் படங்களின் பதிப்புரிமை மணவீட்டாருக்கே போகும். அந்தப் படத்தைக் கலைஞர் தன் விளம்பரத்தில் போட்டு, அவர்கள் எதிர்த்தால் நியாயம் அவர்கள் பக்கம்.

சிங்கப்பூரிலும் முன்பு ஏறத்தாழ இதே நிலைதான். 2021 நவம்பர் 21ஆம் நாள் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டம் அதை மாற்றியது. அதன் பிறகு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் படம் எடுத்தவரே முதல் உரிமையாளர். ஜோகூரில் இருந்துகொண்டு பாலத்தைக் கடந்து சிங்கப்பூரிலும் வேலை செய்யும் கலைஞர்கள் இந்த வேறுபாட்டை மனத்தில் வைக்க வேண்டும். அங்கே வேலை செய்வதற்கு உரிய அனுமதி தேவையா என்பதையும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

உரிமை யாரிடம் இருந்தாலும், ஒருவர் வீட்டு மணமகளின் படத்தை இன்ஸ்டாகிராமில் போடுவதற்கு முன் அவரிடம் கேட்பதே பண்பு. "விளம்பரத்துக்குப் பயன்படுத்தச் சம்மதம்" என்று ஒரு வரி சேர்த்து, ஆம், இல்லை என இரண்டு கட்டம் போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

பதிவு, வரி, கடன்

மலேசியாவில் தனியாகத் தொழில் தொடங்குபவர் எஸ்.எஸ்.எம். எனப்படும் நிறுவனங்கள் ஆணையத்தில் 30 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். சொந்தப் பெயரில் நடத்தினால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. சிங்கப்பூரில் அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயரிலேயே தனியாகத் தொழில் செய்பவர் பதிவு செய்ய வேண்டியதில்லை. வேறு பெயர் வைத்தால் அக்ரா அமைப்பில் பதிய வேண்டும்.

பதிவு செய்தால் வரி கட்ட வேண்டி வருமே என்று ஒதுங்குபவர்கள் இருக்கிறார்கள். வருமானம் வந்தால் பதிவு இல்லாவிட்டாலும் அதை வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டியதுதான். மாறாக, பதிவு இருந்தால் தொழிலின் பெயரில் வங்கிக் கணக்கு திறக்கலாம், நிறுவனங்களுக்கு முறையான விலைச் சீட்டு கொடுக்கலாம். ரசீதுகளை ஏழு ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

இந்திய சமூகத்தினருக்கென டெக்குன் வழியாக ஸ்பூமி கடனுதவித் திட்டம் நடத்தப்படுகிறது. இத்தகைய உதவிகளை விசாரித்துப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் கடன் வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி: கையில் ஏற்கெனவே உறுதியான வேலைகள் எத்தனை இருக்கின்றன? வேலை வந்தபின் கருவி வாங்கக் கடன் எடுப்பது வேறு, கருவி இருந்தால் வேலை வரும் என்று கடன் எடுப்பது வேறு. வட்டி முதலைகளிடம் போய்க் கேமரா வாங்குவதை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம்.

ஆடி மாதம் என்ன செய்வது?

நம்மவர் திருமண வருமானம் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் வரும். தை, வைகாசி, ஆவணி மாதங்களில் ஒரே நாளில் மூன்று பேர் கூப்பிடுவார்கள். ஆடியிலும் மார்கழியிலும் தொலைபேசி ஓய்ந்துவிடும். ஆவணியில் வந்த பணத்தை ஆவணியிலேயே செலவழித்தவர் மார்கழியில் லென்சை அடகு வைப்பார். வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, மூன்று மாதம் வேலை இல்லாவிட்டாலும் சமாளிக்கும் அளவுக்குச் சேர்த்த பிறகுதான் முழுநேர வேலையை விட வேண்டும். அதுவரை பகுதி நேரமாகச் செய்வதில் ஓர் இழுக்கும் இல்லை.

வேலை குறைந்த மாதங்களில் வேறு வாசல்களும் இருக்கின்றன. உணவகங்களின் பட்டியலுக்கு உணவுப் படங்கள், நகைக்கடைக்கும் துணிக்கடைக்கும் பொருள் படங்கள், பள்ளி வகுப்புப் படங்கள், தீபாவளிக்கு முன் குடும்பப் படங்கள். மலாய்க்காரர் வீட்டு நிக்காவும் பெர்சண்டிங்கும், சீனர் வீட்டுத் தேநீர் சடங்கும் நம் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதில்லை. அந்தச் சடங்குகளின் வரிசையைப் படித்துத் தெரிந்துகொண்டால் ஆண்டு முழுவதும் வேலைக்கு வழி பிறக்கும். மொழி தெரிந்த நமக்கு இது பெரிய பலம்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி இந்தத் தொழில் இருக்குமா என்றும் சிலர் அஞ்சுகிறார்கள். விளம்பரப் படங்களில் அதன் பாதிப்பு இருக்கத்தான் செய்கிறது. ஆயிரக்கணக்கான படங்களில் கண் மூடியவற்றைப் பிரித்தெடுக்கும் வேலையை அது சுலபமாக்கவும் செய்கிறது. ஆனால் ஒரு குடும்பத்தின் திருமணத்தில் உண்மையில் நடந்ததைப் பதிவு செய்ய, ஒருவர் அங்கே போய் நின்றுதான் ஆக வேண்டும்.

நாற்காலியில் இருக்கும் தாத்தா

தொடங்கும் இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. திருமண வீட்டில் எல்லாக் கேமராக்களும் மணமக்களையே துரத்தும். மூன்றாம் வரிசையில், கைத்தடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாத்தாவை யாரும் கவனிப்பதில்லை. பேரன் கல்யாணத்துக்காகப் புதுச் சட்டை போட்டு, திருநீறு பூசி, முகம் மலர்ந்து வந்திருப்பார். தோட்டத்தில் உழைத்தே வயதான அவருக்கு அடையாள அட்டைப் படத்தைத் தவிர வேறு நல்ல படமே இருக்காது.

நாளிதழ்களில் வரும் நினைவஞ்சலி விளம்பரங்களைப் பாருங்கள். தெளிவில்லாத, யாருடைய தோளோ பக்கத்தில் தெரிகின்ற, கூட்டத்தில் இருந்து வெட்டி எடுத்த படங்கள் எத்தனை! ஒவ்வொரு திருமணத்திலும் ஐந்து நிமிடம் ஒதுக்கி, வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவரையும் நல்ல வெளிச்சத்தில் தனியாக ஒரு படம் எடுத்துக் கொடுப்பதை வழக்கமாக வைத்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் அது இருக்காது. கூடுதல் கட்டணமும் கிடைக்காது. ஆனால் என்றாவது ஒரு நாள் அந்தக் குடும்பம் அந்தப் படத்தைத்தான் தேடி எடுக்கும். அடுத்த திருமணத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்ற பேச்சு வரும்போது அந்தக் கலைஞரின் பெயரைத்தான் சொல்லும்.

எனவே, கேமரா வாங்கக் காத்திருக்கும் இளைஞர்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கையில் இருக்கும் கைத்தொலைபேசியில், சன்னல் பக்கத்தில் உட்கார வைத்து, வீட்டுப் பாட்டியை ஒரு படம் எடுங்கள். அவர் முகம் அவர் முகமாகவே வரும் வரை எடுங்கள். பிறகு அதை மூன்று இடத்தில் சேமித்து வையுங்கள். தொழிலின் முதல் இரண்டு பாடங்கள் அதிலேயே முடிந்துவிடும். கணக்கையும் ஒப்பந்தத்தையும் அதன் பிறகு கற்றுக்கொள்ளலாம்.